மான் நிற்கும் தரை: லோக்டாக் ஏரியில் ஆறு நாட்கள்

முதல் நாள், மார்ச் 4, 2019: மொய்ராங்

கொல்கத்தா வழியாக இம்பால் வந்து இறங்கியபோது பிற்பகலாகிவிட்டது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் பட்டது ஒரு மானின் படம். அதன்பிறகு கடைப் பலகைகளிலும் சுவர்களிலும் வண்டிகளின் பின்புறத்திலும் வழியெல்லாம் அதே மான்தான். மணிப்பூரின் மாநில விலங்கான சங்காய் மான் அது. இத்தனை இடங்களில் படமாக நிற்கும் இந்த விலங்கு இயற்கையில் உயிரோடு வாழும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான். லோக்டாக் ஏரியின் தென்கிழக்கு மூலையில், 40 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்காவே அந்த இடம்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பின் ஆண்டுதோறும் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்வருகிறேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது லோக்டாக்கின் நீர்த்தாவரங்களை ஆராய்ந்துவருகிறார். "சார், மானை எண்ணுறது ஒரு வேலை, அது நிக்கிற இடத்தை அளக்குறது இன்னொரு வேலை. ரெண்டையும் வந்து பாருங்க" என்று அவர் இரண்டு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். அந்த அழைப்பை ஏற்றுத்தான் வந்திருக்கிறேன்.

இம்பாலிலிருந்து மொய்ராங் சுமார் 45 கிலோமீட்டர். பங்கு வண்டியில் நெருக்கியடித்து அமர்ந்து, அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயல்களைப் பார்த்தபடி வந்தோம். 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய இராணுவம் கொடியேற்றிய ஊர் இது. மலாயாவிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர் என்பதை நினைத்துக்கொண்டே அந்த நினைவகத்தைக் கடந்து, இருட்டும் நேரத்தில் விடுதியை அடைந்தேன்.

இரண்டாம் நாள், மார்ச் 5: குன்றின் மேல்

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். பூங்காவுக்குள் பாபோத், தோயா, சிங்ஜாவோ என்று மூன்று குன்றுகள் இருக்கின்றன. பூங்காவின் உறுதியான நிலம் என்றால் பெரும்பாலும் அவைதான், மற்றதெல்லாம் மிதக்கிறது. மழைக்காலத்தில் நீர் ஏறும்போது மான்களும் காட்டுப்பன்றிகளும் ஒதுங்குவதற்கு இந்தக் குன்றுகளையே நம்பியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மேல் எங்களோடு வந்த வனக்காவலருக்கு ஐம்பது வயதிருக்கும். இங்கே மூத்த ஆண்களை 'தாமோ' என்று அழைப்பது வழக்கம். அண்ணன் என்பதுதான் பொருள். நானும் அவரை அப்படியே அழைத்தேன்.

ஐந்தே கால் மணிவரை கண்ணெதிரே வெண்பனியைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு பனி மெல்லக் கலையத் தொடங்கியது. முதலில் நாணல் பூக்களின் நுனிகள் தெரிந்தன, அதன்பின் அவற்றுக்கிடையே ஓடும் கறுத்த நீர்த்தாரைகள். மேய்ச்சலுக்கு வெளிவரும் இந்த அதிகாலையும், வெயில் தாழ்ந்த மாலையும்தான் எண்ணுவதற்கு உகந்த நேரம். வெயில் ஏறினால் மான்கள் உயரமான நாணலுக்குள் படுத்துவிடும். கணக்கெடுப்பின்போது பூங்காவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, குன்றுகளிலும் பரண்களிலும் ஆட்களை அமர்த்தி, ஒரே நேரத்தில் எல்லோரும் பார்ப்பதைக் குறித்துக்கொள்கிறார்கள். ஆணா பெண்ணா கன்றா, எத்தனை மணிக்குத் தென்பட்டது, எந்தத் திசையில் போனது என்பதெல்லாம் எழுதப்படுகின்றன. ஒரு பரணிலிருந்து பார்த்த மானை அடுத்த பரணிலிருப்பவரும் எண்ணிவிடாமலிருக்க, பின்னர் அந்தக் குறிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கழிக்கிறார்கள். பறவைகளை எண்ணுவதைவிட இது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆள் உயர நாணலுக்குள் அசையாமல் நிற்கும் ஒரு பெண்மானைத் தாமோ விரல் நீட்டிக் காட்டிய பிறகும் அதைக் கண்டுகொள்ள எனக்கு நான்கு நிமிடம் பிடித்தது.

இரண்டு மணி நேரத்தில் ஒன்பது மான்களைப் பார்த்தோம். ஆறு பெண்கள், இரண்டு ஆண்கள், ஒரு கன்று. இது இனச்சேர்க்கைக் காலமாதலால் ஆண்களின் கொம்புகள் முற்றி முழு வடிவில் இருந்தன. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் நெற்றியருகே முன்கிளை தனியாகப் பிரிந்து, கொம்பு மேல்நோக்கிப் போவதைப் பார்த்துப் பழகியவன் நான். சங்காயின் கொம்பிலோ முன்கிளையும் பின்னோக்கி வளையும் தண்டும் முறிவில்லாமல் ஒரே வில்லாகச் சேர்ந்துவிடுகின்றன. அந்த வில்லைத் தலையில் சுமந்தபடி ஒரு ஆண்மான் நாணலை விட்டு வெளியே வந்து நடந்தபோது, இதை ஏன் நடனமாடும் மான் என்கிறார்கள் என்பது விளங்கியது. குளம்பை மட்டும் ஊன்றினால் அழுந்திவிடும் தரையில், குளம்புக்கு மேலேயுள்ள மூட்டின் பின்புறத்தையும் பதித்து அது நடக்கிறது. அந்த இடத்தின் தோல் மயிரில்லாமல் தடித்திருக்கும் என்று தாமோ சொன்னார். ஒவ்வோர் அடியிலும் தரை சற்றே அமிழ்ந்து எழும்ப, மானும் அதற்கேற்ப உடலைத் தாழ்த்தி உயர்த்திப் போனது.

எண்ணிக்கையின் கதையைத் தாமோ விரல் விட்டுச் சொல்வதைக் கேட்கவேண்டும். 1950களின் தொடக்கத்தில் இந்த மான் அற்றுப்போய்விட்டதென்றே முடிவு கட்டிவிட்டார்கள். அசாமில் தேயிலைத் தோட்டத்திலிருந்து இயற்கை ஆய்வுக்கு வந்த இ. பி. ஜீ, 1953இல் கெய்புல் லாம்ஜாவோவில் அது இன்னும் இருப்பதை உலகுக்குச் சொன்னார். 1975இல் எம். கே. ரஞ்சித்சிங் வானிலிருந்து கணக்கெடுத்தபோது கண்ணில் பட்டவை மொத்தம் 14. இரண்டாண்டில், 1977 மார்ச்சில், இது தேசியப் பூங்காவானது. அதன்பின் எண்ணிக்கை ஏறியது: 2000இல் 162, 2013இல் 204, 2016இல் 260. வேட்டை நின்றதும், சுற்றியுள்ள ஊர்களின் இளைஞர் மன்றங்கள் இந்த மானைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டதும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஒரு காலத்தில் துப்பாக்கியோடு வந்த ஊர்களிலிருந்தே இன்று காவலுக்கும் ஆள் வருகிறது என்று சொன்னபோது தாமோவின் குரலில் பெருமிதம் தெரிந்தது. அது நியாயமான பெருமிதம்.

ஆனாலும் பதினான்கிலிருந்து பெருகிய ஒரே கூட்டம், ஒரே இடம். ஒரு கால்நடை நோயோ ஒரு பெருவெள்ளமோ வந்தால் மாற்றிடம் இல்லை. உயிரியல் பூங்காக்களில் வளர்பவை உண்டு. இம்பாலுக்கு அருகே இரோய்சேம்பாவிலுள்ள உயிரியல் பூங்காவிலும் பார்க்கலாம். ஆனால் அவையும் இதே சிறு கூட்டத்தின் வழிவந்தவையே. மணிப்பூரிலேயே பும்லேன் ஏரிப்பகுதியில் இரண்டாவது வாழிடம் ஒன்றை உருவாக்கும் யோசனையும் முன்வைக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாம் நாள், மார்ச் 6: பும்டியின் மேல்

இன்று மாணவருக்கு அளவெடுக்கும் நாள். வனத்துறையின் அனுமதியோடு ஒல்லியான ஓடத்தில் பூங்காவின் விளிம்புக்குப் போனோம்.

பும்டி என்பதைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடியவில்லை. மிதக்கும் தீவு என்று எழுதுகிறார்கள். தீவு என்றதும் மண்ணும் பாறையும் நினைவுக்கு வருவதால் அது பொருந்தாது. புல், நாணல், கோரை ஆகியவற்றின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, அழுகியும் அழுகாமலும் கிடக்கும் தழைகளோடும் வண்டலோடும் சேர்ந்து தடித்த மெத்தையாகிவிட்டதுதான் பும்டி. அதன் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீருக்கு மேலே தெரியும், மீதி நான்கு பங்கு நீருக்குள். நன்கு வளர்ந்த பும்டி இரண்டு மீட்டர் வரை தடித்திருக்கும். மானுக்கு அது படுக்கை, மேய்ச்சல் நிலம், ஒளிவிடம், பிரசவ அறை எல்லாம். இஷிங் கம்போங் என்று இங்கே அழைக்கப்படும் காட்டு நெல்லினப் புல்லின் இளந்தளிர் மானுக்குப் பிடித்த தீனி. அதே செடியின் தண்டில் பருத்துவரும் பகுதியை மக்களும் காயாகச் சமைத்து உண்கிறார்கள். நேற்று மாலை மொய்ராங் சந்தையில் அதைக் கட்டுக்கட்டாக வைத்து விற்றுக்கொண்டிருந்த பெண்மணியிடம் நானும் வாங்கினேன்.

"மெதுவா காலை வையுங்க சார், நின்ன இடத்துல நிக்காதீங்க" என்று மாணவர் எச்சரித்தார். முதல் அடியிலேயே தரை என்னை உள்வாங்குவதுபோல் தாழ்ந்தது. கணுக்காலைச் சுற்றி நீர் ஊறியது. நான் நடக்க நடக்கப் பத்தடி தள்ளியிருந்த நாணல்களும் ஆடின. கோயில் தெப்பத்தில் ஏறும்போது கால் உணரும் அந்த அசைவுதான், ஆனால் இங்கே அது அடியடியாகத் தொடர்ந்துகொண்டே வருகிறது. நூறு கிலோ எடையுள்ள ஆண்மான் இதன்மேல் ஓடுகிறது என்பதை அப்போது உடம்பால் புரிந்துகொண்டேன்.

அளக்கும் கருவி ஒரு மூங்கில் கழி. நுனியில் குறுக்காக ஒரு சிறு கட்டை. வேர்மெத்தையில் கத்தியால் ஒரு பிளவு உண்டாக்கி, கழியை அதன் வழியே அடிநீர் வரை இறக்கி, பிறகு திருப்பி மேலே இழுத்தால் குறுக்குக் கட்டை பும்டியின் அடிப்பரப்பில் தட்டும். அந்த இடத்தில் கழியிலுள்ள கோட்டைப் படித்துக்கொள்ளவேண்டும். எளிய வேலைதான், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை செய்யவேண்டியிருப்பதால் தோள் வலித்துவிடுகிறது. கரையோரத்தில் தொடங்கி உள்ளே போகப் போக அளவுகள் மாறின. ஓரிடத்தில் மெத்தை என் இடுப்பளவு இருந்தது, அடுத்த இடத்தில் முழங்காலுக்கும் குறைவு. அந்த மெல்லிய இடத்தில் என் வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. ஓடக்கார அம்மா, இங்கே எல்லோரும் 'இமா' என்றுதான் அழைக்கிறார்கள், துடுப்பை நீட்டி என்னை இழுத்துவிட்டார். கன்று ஒன்று இப்படி விழுந்தால் யார் துடுப்பு நீட்டுவார்கள் என்ற எண்ணம் மாலைவரை என்னை விட்டுப் போகவில்லை.

தடித்த பும்டி இருக்கும் இடத்தில்தான் மானின் சாணமும் தடமும் கிடைக்கின்றன. மெலிந்த இடத்தில் நாணல் இருந்தாலும் அவை இல்லை. நாற்பது சதுர கிலோமீட்டர் என்று காகிதத்தில் இருப்பது வேறு, மான் காலூன்றக்கூடிய பரப்பு வேறு. மான் 260 ஆகப் பெருகிய ஆண்டுகளில்தான் இந்த இரண்டாவது பரப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் எண் எதுவானாலும், அதோடு சேர்த்து இந்தக் கழியின் அளவையும் வெளியிடாவிட்டால் அந்த எண் பாதி உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான்காம் நாள், மார்ச் 7: இத்தாய் கதவணை

பும்டி ஏன் மெலிகிறது என்ற கேள்விக்கு விடை பூங்காவுக்குள் இல்லை, அதற்குத் தெற்கே மணிப்பூர் ஆற்றின் குறுக்கே நிற்கிறது. இன்று அதைப் பார்க்கப் போனோம்.

பெரிய அணை என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மாயனூர் கதவணையைப் பார்த்திருப்பவர்களுக்கு எளிதில் விளங்கும்: ஆற்றின் குறுக்கே வரிசையாகத் தூண்கள், இடையிடையே ஏற்றி இறக்கும் இரும்புக் கதவுகள், அவ்வளவுதான். 1983இல் செயல்படத் தொடங்கிய லோக்டாக் நீர்மின் திட்டத்தின் ஒரு பகுதி இது. ஏரிநீர் ஆற்றின் வழியே தெற்கே வடிந்துவிடாமல் இது தடுத்துத் தேக்குகிறது. தேங்கிய நீர் நிங்தௌகோங் அருகே வாய்க்காலுக்குள் நுழைந்து, மேற்கு மலைகளைக் குடைந்த சுரங்கத்தின் வழியே போய், லெய்மாதாக் பள்ளத்தாக்கிலுள்ள மின்நிலையத்தில் விழுகிறது. உற்பத்தித் திறன் 105 மெகாவாட். மியான்மரின் சிந்த்வின் ஆற்றின் வழியாக ஐராவதிக்குப் போகவேண்டிய நீர், இப்படி மலையைத் துளைத்துப் பராக் ஆற்றின் பக்கம் திருப்பப்படுகிறது. பொறியியலாக நோக்கினால் வியக்கத்தக்க வேலை என்பதில் ஐயமில்லை. மின்சாரம் அரிதாயிருந்த ஒரு மலைநாட்டில் அது தேவைப்பட்டது என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சுரங்கத்துக்கு ஆண்டு முழுவதும் நீர் வேண்டுமென்பதற்காக ஏரியின் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 768.5 மீட்டர் என்ற அளவை ஒட்டி உயர்த்தி வைக்கப்படுகிறது. கதவணைக்கு முன்பு லோக்டாக் ஆண்டுக்கொரு முறை மூச்சு இழுத்து விட்ட ஏரி. மழையில் நீர் ஏறும்போது பும்டி மிதக்கும். கோடையை ஒட்டி நீர் வடியும்போது அது மெல்ல இறங்கி ஏரியின் தரையில் அமர்ந்துவிடும். அமர்ந்திருக்கும் அந்தச் சில வாரங்களில் அதன் வேர்கள் ஏரித்தரையின் வண்டலுக்குள் இறங்கிச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த மழையில் அது தடித்து எழும். மானுக்கு அந்த வாரங்களில் உறுதியான நிலமும் கிடைத்தது. இப்போது நீர் வடிவதில்லையாதலால் பும்டி தரையைத் தொடுவதே அரிதாகிவிட்டது. வேர் தரையைக் காணாமல் ஆண்டுக்கணக்கில் மிதந்து, அடியிலிருந்து அழுகி மெலிகிறது. தன் மண்ணில் காலூன்றாத பயிர் எப்படி இருக்குமோ அப்படி. இத்தனைக்கும் இம்பால் நகரத்தின் கழிவுகளைச் சுமந்துவரும் நம்புல் ஆறும் இதே ஏரியில்தான் சேர்கிறது. வெளியேறும் வழி அடைபட்ட நீரில் அந்த அழுக்கும் தங்கிவிடுகிறது.

கதவணையின் கீழ்ப்பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு முதியவர் பெங்பா மீனைப் பற்றிச் சொன்னார். மணிப்பூரின் மாநில மீன் அது. சிந்த்வின் பக்கத்திலிருந்து ஆற்றை எதிர்த்து நீந்தி லோக்டாக்குக்கு வந்து முட்டையிடும் மீன் கூட்டம், 1983க்குப் பிறகு இந்தக் கதவுகளில் மோதி நின்றுவிட்டது. இன்று சந்தையில் கிடைக்கும் பெங்பா குளங்களில் வளர்க்கப்பட்டது. தம் தந்தைக்கு ஏரியோரத்தில் வயல் இருந்ததாகவும், கோடையிலும் வடியாத நீரில் அது மூழ்கிப்போன பிறகே குடும்பம் மீன்பிடிக்க இறங்கியதாகவும் அவர் கூறினார். இப்படி நீருக்குள் போன நிலம் ஏரியைச் சுற்றி ஏராளம். மானின் தரையும் மனிதரின் தரையும் ஒரே மட்டக்கோலால்தான் மூழ்கியிருக்கின்றன.

1977இல் பூங்காவை அறிவித்தபோதே இந்தத் திட்டத்தின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. மானைக் காக்க ஒரு கையெழுத்து, ஏரியை உயர்த்த இன்னொரு கையெழுத்து. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் எவருமில்லையே என்பதுதான் கதவணையின் மேல் நின்றபோது எனக்கு உண்டான வேதனை.

கதவணையை இடிக்கவேண்டும் என்ற குரல் மணிப்பூரில் பலமாகவே ஒலிக்கிறது. அதற்குக் குறைந்த வழி ஒன்றையும் சூழலியலாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள்: மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் சில வாரங்களாவது கதவுகளைத் திறந்து ஏரி மட்டத்தைத் தாழ்த்தி, பும்டியைத் தரையில் அமரவிடவேண்டும் என்பது அது. மின்நிலையத்துக்கு நீர் மிகவும் தேவைப்படும் காலமும் அதுவே என்பதால்தான் சிக்கல். என் கருத்தைக் கேட்டால், அந்தச் சில வாரங்களின் மின்சாரத்தை வேறு இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம், சங்காயை வேறு எங்கிருந்தும் வாங்க முடியாது.

ஐந்தாம் நாள், மார்ச் 8: ஏரிக்குள் வாழ்பவர்கள்

இன்று பூங்காவுக்கு வெளியே, ஏரியின் நடுவே பும்டி மேல் குடிசை கட்டி வாழும் மீனவர்களிடம் போனோம். இந்தக் குடிசைகளைப் பும்ஷாங் என்கிறார்கள். பும்டியை வெட்டி வட்டமாக வளைத்து, நடுவில் மீனைச் சேர்த்துப் பிடிக்கும் முறைக்கு அத்தபும் என்று பெயர். குன்றிலிருந்து பார்த்தால் ஏரி முழுவதும் பச்சை வளையங்களாகத் தெரிவது அதனால்தான். 2006ஆம் ஆண்டின் லோக்டாக் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஏரியின் மையப்பகுதியில் இவற்றைத் தடைசெய்தது. 2011 நவம்பரில் பல நூறு குடிசைகள் எரிக்கப்பட்டன. அத்தபும் பெருகினால் ஏரி அடைபடுகிறது என்பது உண்மையே. ஆனால் வயலை இழந்து நீருக்குள் வந்தவரின் குடிசையை முதலிலும், அவரை நீருக்குள் தள்ளிய கதவுகளைக் கடைசியிலும் கணக்கில் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு குடிசையில் கறுப்புத் தேநீர் தந்தார்கள். அங்கிருந்த பாட்டி, மொய்ராங்கின் பழங்கதையொன்றைச் சொன்னார். கதேங் தங்ஜஹன்பா என்ற வீரன் தன் காதலி தோனுவுக்குப் பரிசளிக்க உயிருள்ள சங்காயைத் தேடிக் கிளம்பினான். மானோடு திரும்பியபோது அவள் மன்னனின் மனைவியாகியிருந்தாள். மனமுடைந்த அவன் மானை அவிழ்த்து விட்டுவிட்டான். அது ஓடி நுழைந்த இடந்தான் கெய்புல் லாம்ஜாவோ. மானைச் சுட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று தம் மாமியார் சொல்லிக் கேட்டிருப்பதாகவும் பாட்டி கூறினார்.

ஆறாம் நாள், மார்ச் 9: திரும்பும் முன்

விமானம் பிற்பகலில்தான் என்பதால் காலையில் மீண்டும் ஓடத்தில் ஏறினோம். மாணவர் குறித்து வைத்திருக்கும் இடங்களில் இன்னும் நான்கு பாக்கியிருந்தன. மூன்றில் அளவு சென்ற ஆண்டைப்போலவே இருந்தது. நான்காவது இடத்தில், கழியை மூன்று முறை இறக்கியும், சென்ற ஆண்டு மார்ச்சில் எழுதியதைவிட ஒரு சாணுக்கு மேல் குறைந்தே வந்தது. மாணவர் ஒன்றும் சொல்லாமல் நான்காவது முறையும் இறக்கிப் பார்த்தார். கோடு அதே இடத்தில்தான் நின்றது. குறிப்பேட்டில் அந்த எண்ணை நானே எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் 'மான் தடம்' என்ற தலைப்பின்கீழ் 'இல்லை' என்றும் எழுதவேண்டியிருந்தது. சென்ற ஆண்டு அதே கட்டத்தில் 'இரண்டு, ஒன்று கன்று' என்றிருந்தது.

கழியைக் கழுவி, இமா தம் வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகிவைத்தார். அடுத்த அளவெடுப்பு ஏப்ரல் முதல் வாரத்தில். அதற்குள் கதவுகள் எத்தனை நாள் திறந்திருந்தன, ஏரி மட்டம் எவ்வளவு தாழ்ந்தது என்ற விவரங்களையும் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே தாளில் எழுதி அனுப்புவதாக மாணவர் சொல்லியிருக்கிறார். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.